வெயில் இருந்தது, கரண்டு இல்லை: பாளையங்கோட்டை வீடொன்றின் சோலார் அனுபவம்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் 2023ஆம் ஆண்டு சோலார் போட்டதும், அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் நடந்ததும் இங்கே பதிவாகிறது. அந்த வேலையை எடுத்துச் செய்தவன் நான் இல்லை. வீட்டு வயரிங்கும் சோலார் பராமரிப்பும் என் தொழில். பில் சந்தேகத்துக்காக முதலில் என்னைக் கூப்பிட்டார்கள், விளைச்சல் குறைந்தபோதும் வெள்ளத்துக்குப் பிறகும் மறுபடி போனேன். வீட்டுக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார், அதனால் விட்டிருக்கிறேன்.

பின்னணி

வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி, 82 வயதுத் தாயார், அவர் என மூன்று பேர். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். தாயாரான ஆச்சிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின். ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், போர் மோட்டார், வாஷிங் மெஷின் என்று நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்துக்கு உள்ள சாமான்கள்தான்.

2023 கோடையில் இரண்டு மாதத்துக்கு 820 யூனிட் ஓடியது. பில் 4,750 ரூபாய். அப்போது நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் கணக்கு மாறிவிடும். 2023இல் இருந்த வீதம்: 400 வரை நாலரை ரூபாய், 500 வரை ஆறு, 600 வரை எட்டு, 800 வரை ஒன்பது, 1000 வரை பத்து. ‘ஏசி போட்டா ஆயிரம், போடாட்டி தூக்கமில்ல’ என்று அவர் மனைவி சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

மகன் போனில் சொல்ல, ஒரு நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். 540 வாட் பேனல் ஆறு, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் 3 கிலோவாட் இன்வர்ட்டர். விலை 2,05,000 ரூபாய். அப்போதிருந்த மத்திய அரசு மானியம் கிலோவாட்டுக்கு 14,588 வீதம் 43,764 ரூபாய் பிறகு வங்கிக் கணக்கில் வந்தது. கைக்காசு 1,61,236.

விற்க வந்தவர் சொன்னது ஒரே வாக்கியம்: ‘சார், இனி உங்களுக்குக் கரண்டு பில்லே கிடையாது.’ அது பொய்யில்லை. ஆனால் கேட்டவர் காதில் அது ‘இனி உங்களுக்குக் கரண்டுக்குப் பஞ்சமே கிடையாது’ என்று விழுந்திருக்கிறது. பிற்பாடு வந்த தொல்லைகளில் பாதிக்கு இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் காரணம்.

எடுத்த முடிவுகள், அப்போதைய நியாயங்கள்

மூன்று முடிவுகளைக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, பேட்டரி இல்லாத, ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் வகையைத் தேர்ந்தது. பகலில் விளைவதில் வீட்டுக்குப் போக மிச்சம் லைனுக்குப் போகும், இரவில் லைனிலிருந்து வரும், மீட்டர் இரண்டையும் கழித்துக் காட்டும். செலவைப் பார்த்தால் இதுதான் சரி. நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது, தார்சாவில், அதாவது முன்தாழ்வாரத்தில், ஓரமாகக் கிடந்த பழைய யூபிஎஸ்ஸையும் அதன் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியையும் பழைய விலைக்குத் தள்ளிவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம் கிடைத்தது. ‘அதான் மாடியில சோலார் வந்தாச்சே, இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு’ என்று பேசி முடித்திருக்கிறார்கள். வேலை செய்ய வந்தவர்களில் ஒருவர்கூட ‘அதை விக்காதீங்க’ என்று சொல்லவில்லை.

மூன்றாவது, பேனல் வைத்த இடம். மாடிப்படி அறை வீட்டின் தென்புறம். அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. அறைக்கு வடக்கே நாலடி விட்டு முதல் வரிசை பேனல்கள். இடம் பார்க்க வந்தது மே மாதம், நண்பகல். தொட்டியின் நிழல் பேனல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘நிழல் இல்லை’ என்று தாளில் எழுதிக்கொண்டு போனார்கள்.

நிறுவல், முதல் சில மாதங்கள்

ஜூன் கடைசியில் பேனல் ஏறியது. இரு வழி மீட்டரை ஈபியில் மாற்றித் தர ஜூலை கடைசி ஆகிவிட்டது. நடுவே ஒரு சின்ன விபத்து. ‘டெஸ்ட்’ பண்ண ஆன் செய்தவர்கள் அணைக்க மறந்து போக, ஒன்பது நாள் பழைய மீட்டரிலேயே ஓடியது. பழைய மீட்டருக்குக் கரண்டு உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரியாது, எது போனாலும் கூட்டிக்கொள்ளும். வீட்டிலிருந்து வெளியே போன யூனிட்டுக்கும் சேர்த்து, ஒன்பது ரூபாய் வீதத்தில், கிட்டத்தட்ட 700 ரூபாய் கூடுதலாகக் கட்டினார்கள். என்னை முதலில் கூப்பிட்டது இந்தப் பில்லுக்காகத்தான். இரு வழி மீட்டர் வரும்வரை இன்வர்ட்டர் சுவிட்சைத் தொடவே கூடாது, அவ்வளவுதான் இதில் சொல்ல உண்டு.

ஆகஸ்டு, செப்டம்பர் கணக்கு நன்றாக வந்தது. விளைச்சல் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட்டுக்குக் குறையவில்லை. லைனிலிருந்து எடுத்த நிகர யூனிட் நூறைத் தாண்டாததால் பில் பூஜ்யம். வீட்டுக்கார அண்ணாச்சி அந்தப் பில்லைப் போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அந்த வாரமே பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

இன்னொரு விஷயமும் இந்தச் சமயத்தில் கண்ணில் பட்டது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற காற்று, கயத்தாறு முதல் முப்பந்தல் வரை காற்றாலைகளைச் சுற்ற வைக்கும். பாளையங்கோட்டை மாடிகளில் புழுதியை அப்பும். அந்தப் புழுதியைக் கழுவ வீட்டம்மா போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரின் குணம் தெரிந்ததுதான். வெயிலில் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு ஏறிவிட்டது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது, பேனலின் கீழ் விளிம்பில் ஒரு கனத்த கோடாகவே படிந்திருந்தது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து இரண்டு காலை தேய்த்துப் போக்கினோம். அதற்குப் பிறகு தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர்தான், அதுவும் வெள்ளனெ, கண்ணாடி சுடுவதற்கு முன்னால். சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

கவனத்துக்கு வந்த சரிவு

நவம்பரில் விளைச்சல் குறைந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம், குறையத்தான் செய்யும் என்று நானும் போனிலேயே சொல்லிவிட்டேன். அது என் தவறு. டிசம்பர் முதல் வாரத்தில் நல்ல வெயிலடித்த ஒரு நாளிலும் எட்டு யூனிட்டைத் தாண்டவில்லை என்றதும்தான் நேரில் போனேன்.

மாடி ஏறின உடனே காரணம் தெரிந்துவிட்டது. படி அறையும் தொட்டியும் சேர்ந்த நிழல், முன் வரிசையில் இரண்டு பேனல்மீது பாதிக்குப் பாதி படுத்துக் கிடந்தது. நண்பகலிலேயே ஆறடிக்கு மேல். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம்.

திருநெல்வேலி இருப்பது ஏறக்குறைய 8.7 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு கடைசி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் தலைகீழ். டிசம்பர் 22ஆம் தேதி வாக்கில் சூரியன் தென்வானில் 58 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பத்தடி உயரமுள்ள பொருளுக்கு ஆறே கால் அடி நிழல். மே மாதத்தில் வந்து நிழல் பார்த்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. சித்திரையில் நிழல் எந்தப் பக்கம், மார்கழியில் எந்தப் பக்கம் என்பது வத்தல் காயப் போடுகிற எங்கள் ஆச்சிமாருக்கெல்லாம் தெரியும். அளவெடுக்க வந்தவர்கள் ஆச்சியிடம் கேட்டிருக்கலாம்.

ஆறில் இரண்டு பேனல் பாதி நிழலில் இருந்தால் ஆறில் ஒரு பங்குதானே குறைய வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆறும் ஒரே தொடராக இணைந்தவை. ஒரே வாய்க்காலில் பாய்கிற தண்ணீர் மாதிரி. நடுவில் ஒரு இடத்தில் கரை சரிந்தால் கீழே உள்ள வயலுக்கெல்லாம் அந்த இடுக்கில் நுழைகிற தண்ணீர்தான். நிழல் பட்ட பகுதியைத் தாண்டிப் போகப் பேனலுக்குள்ளேயே மாற்று வழி உண்டு, ஆனால் அப்படித் தாண்டும்போது அந்தப் பகுதியின் விளைச்சலை மொத்தமாக விட்டுவிட்டுத்தான் தாண்டும்.

பேனல்களை வடக்கே நகர்த்த வேண்டும் என்று பேசி, பொங்கலுக்குப் பிறகு செய்யலாம் என்று வைத்துக்கொண்டோம்.

2023 டிசம்பர் 17 முதல்

மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். அன்று இரவு இந்த வீட்டில் கரண்டு போனது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் தெருவில் முழங்கால் அளவு. செல்போன் டவரும் போய்விட்டது.

திங்கள் முழுக்க மழை. செவ்வாய்க்கிழமை மேகம் கலைந்து, மதியத்துக்குள் நல்ல வெயிலே அடித்துவிட்டது. அப்போது நடந்ததை வீட்டம்மா சொன்னபடி எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அம்மா கையில் மூன்று போனும் சார்ஜருமாக வாசலில் நின்றிருக்கிறார். ‘அக்கா, உங்க வீட்லதான் சோலார் இருக்கே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிடுதேன். மவன் துபாய்ல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருப்பான்.’ அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ‘எங்க வீட்லயும் இல்ல’ என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே போயிருக்கிறார். மொட்டை மாடித் தட்டட்டியில் ஆறு பேனலும் மழையில் கழுவி விட்டதில் பளபளவென்று மின்னுகின்றன. கீழே இன்வர்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு. அண்ணாச்சி சுவிட்சை நாலைந்து தடவை போட்டு அணைத்துப் பார்த்திருக்கிறார். கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருக்கிறார்.

அது கெடவில்லை. இந்த வகை இன்வர்ட்டர் லைனில் கரண்டு இருந்தால்தான் ஓடும். லைன் போன கணமே தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைக்கிறார். மாடியிலிருந்து ஒரு வீடு கரண்டைத் திருப்பி அனுப்பினால், அது டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக நிற்கும். வெள்ளத்தில் இரவு பகலாக நின்று வேலை பார்த்தார்களே, அவர்கள் உயிருக்காக வைத்த பூட்டு அது. குறை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பூட்டைப் பற்றி விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

கஷ்டம் போனில் மட்டும் இல்லை. மோட்டார் ஓடாததால் தொட்டியில் தண்ணீர் செவ்வாய்க்கிழமை காலையோடு தீர்ந்தது. ஃபிரிட்ஜில் ஆச்சியின் இன்சுலின், உடைக்காத புட்டி இரண்டு. மருந்துக்கடை பக்கம் போக வழியில்லை. வீட்டம்மா ஒரு மண்பானையில் பாதிக்கு ஈர மணல் போட்டு, புட்டிகளை மூடியுள்ள சில்வர் டப்பாவில் வைத்து மணலில் பதித்து, பானை வாயை ஈரத்துணியால் கட்டி, காற்றுப் படுகிற நிழலில் வைத்தார். துணி காயக் காய நனைத்திருக்கிறார். புதன்கிழமை ராத்திரி கரண்டு வந்தது. மூன்று நாள்.

பழைய யூபிஎஸ் இருந்திருந்தால்? மூன்று நாளும் தாங்காது. முதல் ராத்திரி இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் ஓடியிருக்கும், போன் செத்திருக்காது. அதற்கு மேல் சார்ஜ் ஏற்ற வழி இல்லை. கரண்டுக்கு ஆதாரமாக அந்த வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான், அதை விற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது.

வெள்ளத்துக்குப் பிறகு

டிசம்பர் கடைசியில் நான் போனபோது அண்ணாச்சி கோபத்தில் இருந்தார். ‘ரெண்டு லட்சம் ரூவாய்க்கு மாடியில கண்ணாடி மாட்டி வச்சிருக்கேன் வே’ என்றார். எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. நான் பில்களை எடுத்துவரச் சொன்னேன்.

நிழலோடும் மழையோடும்கூட அக்டோபர், நவம்பர் பில் 135 ரூபாய். 700 யூனிட் செலவாகி, 540 விளைந்து, நிகரம் 160. சோலார் இல்லாமல் அதே 700 யூனிட்டுக்கு 3,650 ரூபாய் வந்திருக்கும். சோலார் யூனிட்டு கழிவது கொழுத்த முனையிலிருந்து. ஒன்பது ரூபாய் யூனிட்டு முதலில் போகும், பிறகு எட்டு, பிறகு ஆறு. அதுமட்டுமல்ல, அன்றைய வீதத்தில் மொத்தம் 500க்குக் கீழே இறங்கிவிட்டால் 101லிருந்து 200 வரையுள்ள யூனிட்டும் நாலரையிலிருந்து இரண்டே கால் ரூபாய்க்கு வந்துவிடும். வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். போட்ட காசு எட்டு வருஷத்தில் வந்துவிடும். பேனல் 25 வருஷம் உழைக்கும் பொருள். இன்வர்ட்டரை மட்டும் நடுவில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவைக் கணக்கில் வைத்தாலும் நட்டமில்லை. மாதாமாதம் ஏசி போடுகிற வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு நான் சோலார் சிபாரிசு செய்வதில்லை. அன்றைய வீதத்தில் அவர்கள் கட்டியதே 225 ரூபாய்.

ஆகப் பில்லைக் குறைக்க வாங்கின பொருள் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கரண்டு போனால் கரண்டு தருகிற பொருள் வேறு. அதை இவர்கள் வாங்கவே இல்லை.

அடுத்து என்ன என்று மூன்று வழிகள் பேசினோம். இருக்கிற இன்வர்ட்டரைத் தூக்கிவிட்டு, லித்தியம் பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் வகை போடுவது ஒன்று. தடங்கலில்லாமல் வேலை செய்யும், ஆனால் அன்றைய விலையில் இன்னும் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். ஜெனரேட்டர் இன்னொன்று, சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், வெள்ளத்தில் பெட்ரோலுக்கு எங்கே போவது. மூன்றாவதையே தேர்ந்தோம்: பழைய அமைப்பைத் தொடாமல், தனியாக ஒரு சின்ன சோலார் யூபிஎஸ், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்று, அதற்கென்று தனியாக 165 வாட் பேனல் இரண்டு. இதன் வயர் ஈபி லைனுக்குத் திரும்பிப் போவதில்லை, அதனால் லைன் செத்தாலும் வெயில் இருந்தால் சார்ஜ் ஏறும். நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். இரண்டு ஃபேன், ஐந்து லைட், போன், பகலில் வெயில் உள்ள நேரம் ஃபிரிட்ஜ் இரண்டு மூன்று மணி நேரம். மோட்டாரும் ஏசியும் இதில் கிடையாது என்று சுவிட்சுப் பலகையிலேயே எழுதி ஒட்டினேன்.

ஜனவரி கடைசியில் நிழல் பட்ட பேனல்களையும் வடக்கு ஓரத்துக்கு மாற்றினோம். பிப்ரவரி, மார்ச்சில் நாளுக்குப் பதினாலு யூனிட் வரை ஏறியது. ஏப்ரல், மே வெயிலில் இன்னும் கூடும் என்று அண்ணாச்சி காத்திருந்தார். ஒரு யூனிட் குறைந்தது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. கண்ணாடி 65 டிகிரிக்குச் சுட்டால் விளைச்சலில் ஏழில் ஒரு பங்கு வரை போய்விடும்.

இதற்கு நடுவே இன்னொரு மனத்தாங்கல். 2024 பிப்ரவரியில் பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்தது. 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். இவருக்குக் கிடைத்தது 43,764. ‘எட்டு மாசம் பொறுத்திருந்தா’ என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுபடி செய்வதென்றால்

இடம் பார்க்க ஒரே நாள் வந்து போவதை நான் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. வருஷம் முழுக்கக் காத்திருக்கவும் முடியாது. போனிலேயே சூரியன் போகும் பாதையைத் தேதிவாரியாகக் காட்டும் செயலிகள் உண்டு. டிசம்பர் 22ஆம் தேதியை வைத்து, பேனல் வரப்போகும் இடத்தில் நின்று, தெற்கே எது மறைக்கிறது என்று பார்த்துவிடுகிறேன். வடக்கே வேம்போ தென்னையோ இருந்தால் ஜூன் 21க்கும் பார்க்க வேண்டும், ஆனால் அப்போது சூரியன் 75 டிகிரி உயரத்தில் இருப்பதால் நிழல் குட்டை. பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே மாடி எழும்பும் என்று வைத்தே இடம் ஒதுக்கச் சொல்கிறேன்.

வாடிக்கையாளரிடம் முதல் கேள்வியையும் மாற்றிவிட்டேன். ‘எத்தனை கிலோவாட் வேணும்?’ என்று கேட்பதில்லை. ‘கரண்டு போனா வீட்டில எது நின்னா உங்களுக்குச் சிக்கல்?’ என்றுதான் கேட்கிறேன். ஃபேன் என்பார்கள், மோட்டார் என்பார்கள், ஒருவர் மீன் தொட்டி என்றார். இன்சுலின், நெபுலைசர் என்று சொல்லும் வீட்டில் பழைய யூபிஎஸ்ஸை யாரும் தொடக் கூடாது.

நான் போனிலேயே ‘மழைக்காலம், அப்படித்தான்’ என்று சொன்னதையும் இங்கே பதிய வேண்டும். நேரில் போயிருந்தால் நவம்பரிலேயே நிழல் தெரிந்திருக்கும், பேனலைப் பார்க்கப் போன இடத்தில் பேட்டரி பற்றியும் பேச்சு வந்திருக்கும்.

2024 டிசம்பர்

அடுத்த மார்கழிக்கு முன்பே, டிசம்பர் 13ஆம் தேதியை ஒட்டி மறுபடி பெருமழை. மாஞ்சோலைப் பக்கம் கொட்டித் தீர்த்தது, ஆற்றில் வெள்ளம். இந்த வீட்டில் ஒரு ராத்திரியும் மறுநாள் மதியம் வரையும் கரண்டு இல்லை. ஃபேன் ஓடியது. தார்சாவில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு வைத்து, பதினொரு போன் வரிசையாகச் சார்ஜில் கிடந்ததாக அண்ணாச்சி சொன்னார். எதிர்வீட்டு அம்மாதான் முதலில் வந்தவர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. யூபிஎஸ் கீ கீயென்று கத்திவிட்டு நின்றுவிட்டதாம். போய்ப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் போர்டில் போன்களுக்கு நடுவே யாரோ ஒரு மிக்ஸியைச் சொருகியிருந்தார்கள். ஜாரில் பாதி அரைத்த தேங்காய்ச் சட்னி.